சிட்டுக்கு ஒரு குடில்

பிழைப்பை நாடிப் பாலக்காட்டிலும் இடுக்கி மலைப்பகுதியிலும் குடியேறிய நமக்கு, குடியிருக்க இடம் தேடி அலைவது எத்தகைய துன்பம் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே துன்பத்தை இன்று சிட்டுக்குருவியும் அனுபவிக்கின்றது. பழைய ஓட்டு வீடுகளில் இறவாரத்து இடுக்கும் உத்தரத்து இடைவெளியும் அதற்கு உறைவிடமாயிருந்தன. சிமெண்டு வீட்டிலோ துரும்பு ஒன்றைச் செருகவும் இடமில்லை. ஆகவே பெட்டி செய்து வைப்பது நம் கடமையாகின்றது.

எல்லாப் பறவைகளும் பெட்டியில் குடிபுகா. தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே நெய்து கொள்ளும். பொந்து தேடும் சிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், மைனா, மலைப்பகுதியில் பட்டாணிக்குருவி ஆகியவையே வரும். குண்டுகரிச்சானை இந்நாட்டார் மண்ணாத்திப்புள்ளு என்பர். பாலக்காட்டை அடுத்த காவசேரியில் 1923ஆம் ஆண்டு பிறந்த திரு. கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் 1958இல் வெளியிட்ட ‘கேரளத்திலே பக்ஷிகள்’ என்ற நூல், மலையாளம் பயிலும் நம் சிறார்க்கு இவற்றை அறிமுகம் செய்யும் நல்லாசானாகும்.

நாம் முதன்முதலில் செய்த பெட்டிக்குத் தகரக் கூரை வேய்ந்து, மேற்குச் சுவரில் மாட்டினோம். சிட்டு இணை வந்தது, முட்டையும் இட்டது. ஆனால் பங்குனி வெயிலில் தகரம் காய்ந்து, குஞ்சு ஒன்றும் பிழைக்கவில்லை. அன்றிரவு நம் குழந்தைகள் உணவு கொள்ள மறுத்தனர். நன்மை செய்யப் புகுந்து தீமை செய்தோமே என்று வருந்திய பின்னரே முறையைக் கற்றுக் கொண்டோம். அதனை அன்பர்களுக்கு இங்கே கூறுகின்றோம்.

பலகை கனமாக இருத்தல் வேண்டும். அடிப்பலகை 12 முதல் 15 சென்டிமீட்டர் சதுரமும், உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டரும் போதும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளை. குண்டுகரிச்சானுக்கு 45 முதல் 50 மில்லிமீட்டர். துளை மேற்பாதியில் அமைதல் நலம். வாயிலில் குச்சி பொருத்தலாகாது. பகைப் பறவைகள் அமர்ந்து குஞ்சைக் கவர அது வழி செய்யும். உள்ளே வர்ணம் பூசலாகாது. அடியில் நான்கு சிறு துளைகள் இட்டால் நீர் வடியும். மரக் கூரையைச் சாய்வாக்கிக் கீல் வைத்தால், குஞ்சுகள் பறந்து சென்றபின் திறந்து சுத்தம் செய்யலாம்.

பெட்டியைத் தரையிலிருந்து இரண்டரை அல்லது மூன்று மீட்டர் உயரத்தில், பூனை எட்டாத நிழலில் அசையாது மாட்டுக. ஆனி, ஆடி மழை தென்மேற்கிலிருந்து சாயும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசும். எனவே வாயில் வடக்கு நோக்கியிருப்பதே உத்தமம். தை பிறந்ததும் மாட்டிவிடுதல் நன்று. வாடகை வீட்டினர் உடையவரைக் கேட்டு, ஆணி அடியாமல் கம்பியால் இறுகக் கட்டலாம்.

சிட்டு ஏறத்தாழ இரு வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் பறக்க மேலும் இரு வாரம் ஆகும். அதுவரை எட்டிப் பார்த்தல் கூடாது. பெரிய பறவை தானியம் தின்னினும், குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளையே. ஆதலால் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அதனைக் கலைக்க மனமின்றி, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு ஏற்றாமல் ஊரார் இருளில் நடந்தனர். அவர்களும் நம்மைப் போன்ற எளிய மக்களே. அவர்கள் ஒளியையே விட்டுக் கொடுத்தனர்; நம்மிடம் கேட்கப்படுவது நான்கு பலகையும் ஒரு விடுமுறைப் பொழுதுமே.

மறு ஆண்டு எம் வடக்குச் சுவரிலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன. அன்பர்கள் இல்லந்தோறும் அம்மகிழ்ச்சி விளைவதாகுக.