விளக்கம் தர மறுக்கும் படங்கள்

ஒரு படம் வெளியான வாரத்திலேயே பெட்டிக்குள் திரும்பிவிட்டது என்பதால் அதன் ஆயுள் முடிந்துவிடுவதில்லை என்பதற்குக் 'கல்ட் படங்கள்' எனப்படும் வகை சான்றாக நிற்கிறது. வெளியான காலத்தில் பெரும்பாலோரால் புறக்கணிக்கப்பட்டோ, முகச்சுளிப்புக்கு ஆளாகியோ ஒதுங்கிப்போய், பிறகு ஒரு சிறு கூட்டத்தின் தீராத பற்றினால் பல பத்தாண்டுகள் உயிர்வாழும் படத்தையே இப்பெயர் குறிக்கிறது. இவ்வகை ரசிகர்களின் விருப்பப் பட்டியல்களில் திகில் படங்களும் சர்ரியலிசப் படங்களும் பெரும்பங்கு வகிப்பது தற்செயலன்று. இரண்டு வகையும் சொல்ல வேண்டியதில் ஒரு பகுதியை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகின்றன. விடுபட்ட அந்தப் பகுதியே ரசிகரை மறுபடியும் திரைக்கு முன் கொண்டுவந்து உட்கார்த்துகிறது.

சர்ரியலிசம் என்பது, விழித்திருக்கும் அறிவின் கட்டுப்பாட்டை விலக்கி, கனவின் போக்கிலேயே படைப்பை நகரவிடும் கலைக் கொள்கை. 1924-இல் பாரிசில் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை இதற்கு வடிவம் தந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த லூயிஸ் புனுவேலும் ஓவியர் சல்வதோர் டாலியும் சேர்ந்து உருவாக்கி, 1929-இல் பாரிசில் திரையிட்ட 'உன் ஷியன் ஆந்தலூ' என்னும் குறும்படம் இக்கொள்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒருவர் கண்ட கனவில் மெல்லிய மேகம் நிலவை அறுத்துச் சென்றது, மற்றவர் கனவில் உள்ளங்கையில் எறும்புகள் மொய்த்தன. இவ்விரண்டு கனவுகளிலிருந்து தொடங்கி, அறிவுபூர்வமான விளக்கத்துக்கு இடம்தரும் எந்தக் காட்சியையும் ஏற்பதில்லை என்ற விதியுடன் இருவரும் திரைக்கதையை எழுதினர். தொடக்கத்தில் புனுவேலே சவரக்கத்தியைத் தீட்டிவிட்டு நிலவை அண்ணாந்து பார்க்கிறார். மேகம் நிலவைக் கடக்கிறது. அடுத்த கணம் கத்தி ஒரு கண்ணை அறுக்கிறது. அறுபட்டது செத்த கன்றின் கண் என்பது தெரிந்த பிறகும் பார்ப்பவர் உடல் கூசுவதற்கு, நிலவையும் கண்ணையும் பார்வையாளரின் மனமே இணைத்துவிடுவதுதான் காரணம்.

திகில் படத்துக்கும் இந்த விடுபடல் எவ்வளவு வலுச்சேர்க்கும் என்பதை ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் காட்டியது. விளம்பரப் படங்கள் எடுத்துவந்த பிட்ஸ்பர்க் நகரத்துக் குழு ஒன்று, சுமார் 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் இதை எடுத்தது. நிறம் தெரியாது என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் குழம்பே போதுமானதாக இருந்தது. உயிர்த்தெழுந்த பிணங்கள் ஒரு பண்ணை வீட்டைச் சூழ்கின்றன. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று தொலைக்காட்சிச் செய்தி சொல்கிறதே ஒழிய, படம் அதை எங்கும் உறுதிப்படுத்துவதில்லை. இரவு முழுவதும் போராடி உயிர்பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் பிணமென்று கருதிச் சுட்டுக் கொல்கிறது. அதைப் பற்றியும் படம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் முடிகிறது. படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், யார் வேண்டுமானாலும் பணம் கொடுக்காமல் திரையிடலாம் என்ற நிலை உருவானது. தயாரித்தவர்களுக்கு அது பெரும் இழப்பு. படம் ஊர் ஊராகப் பரவுவதற்கோ அதுவே வழியாயிற்று.

சிதறிக் கிடந்த இத்தகைய ரசிகர்களை ஓரிடத்தில் கூட்டியது நள்ளிரவுக் காட்சி. நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கை நடத்திய பென் பேரன்ஹோல்ட்ஸ், அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கியின் 'எல் தோப்போ' என்னும் புதிரான படத்தை 1970 டிசம்பரில் நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கினார். பெரிய விளம்பரம் இல்லாமலே, பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொன்னதிலேயே அது மாதக்கணக்கில் ஓடியது. 1975-இல் வெளியாகித் தோல்வியுற்ற 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ', மறு ஆண்டு நள்ளிரவுக் காட்சிக்கு வந்தபின், பாத்திரங்களைப் போலவே உடையணிந்து வந்து, வசனங்களுக்கு எதிர்வசனம் கூவி, திருமணக் காட்சியில் அரிசி வீசும் கூட்டத்தைப் பெற்றது.

இந்த மரபின் உச்சம் டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படமான 'எரேஸர்ஹெட்'. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் மாணவராக இருந்த லிஞ்ச், அக்கழகத்தின் பழைய குதிரை லாயங்களில் அரங்கம் அமைத்து 1972-இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்தபோது செய்தித்தாள் விநியோகித்துச் சம்பாதித்தார். படம் 1977-இல்தான் திரைக்கு வந்தது. நாயகன் ஒரு கதவின் பிடியைத் திருப்பும் காட்சிக்கும், அதே கதவின் வழியே உள்ளே நுழையும் காட்சிக்கும் இடையில் ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. நாயகனாக நடித்த ஜாக் நான்ஸ் அதுவரை அதே தலைமுடி அமைப்பைக் காத்துவந்தார். கதை என்று பார்த்தால், ஆலைகள் சூழ்ந்த ஊரில் வாழும் ஓர் இளைஞனுக்கு மனித உருவம் அமையாத குழந்தை பிறக்கிறது என்பதற்குமேல் அதிகமில்லை. ஆனால் லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் உருவாக்கிய, ஆவி சீறுவதும் இயந்திரம் உறுமுவதுமான ஓயாத இரைச்சல், அமைதியான காட்சியில்கூடப் பார்வையாளரை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. அந்தக் குழந்தை உருவம் எதனால் செய்யப்பட்டது என்பதை லிஞ்ச் 2025-இல் மறையும்வரை வெளியிடவில்லை. படத்தின் பொருளை விளக்கவும் அவர் மறுத்தே வந்தார்.

ஆனால், புரியாமல் இருப்பதே தகுதி என்று கொள்வது தவறு. கவனமின்மையால் குழம்பிய படங்கள் ஏராளம். அவற்றை இரண்டாம் முறை பார்க்க எவரும் விரும்புவதில்லை. மேற்கண்ட படங்களிலோ ஒளி, ஒலி, படத்தொகுப்பு ஆகியவை மிகத் துல்லியமாக அமைந்திருக்க, விளக்கம் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ரொமேரோவின் படம் 1999-இலும், லிஞ்சின் படம் 2004-இலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படங்களாகச் சேர்க்கப்பட்டன. இவ்வகைக்குப் புதியவர்கள், கதை தெளிவாக உள்ள ரொமேரோவின் படத்தில் தொடங்கி, புனுவேலின் குறும்படத்தைப் பார்த்துவிட்டு, 'எரேஸர்ஹெட்' படத்துக்கு வருவது நல்லது; அதையும் கைப்பேசியில் பார்க்காமல், இருட்டறையில் நல்ல ஒலியமைப்புடன் பார்க்க வேண்டும்; விளக்கக் கட்டுரைகளைப் படிப்பதை இரண்டாம் முறை பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம்.