சும்மா ஒரு டைரக்டர்!

"மச்சி, பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கணும்னா குறைஞ்சது ரெண்டு டைரக்டர் வேணுமாம். நீ பேருக்கு ஒரு கையெழுத்துப் போடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

இப்படி ஒரு நண்பர் உங்களிடம் வந்திருக்கிறாரா? இல்லையென்றால் சீக்கிரமே வருவார். விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்றிருந்தால் பெண் பார்க்கப் போகிற இடத்தில் மதிப்பாச்சே என்று நீங்களும் பேனாவைத் திறப்பீர்கள்.

கொஞ்சம் பொறுங்க ஸார்! சினிமா டைரக்டருக்குப் படம் ஊத்திக்கிட்டா அடுத்த படம் உண்டு. கம்பெனி டைரக்டர் கதை வேறு.

2017-ல் நடந்ததைக் கேளுங்கள். கம்பெனிகள் வருஷா வருஷம் கணக்கையும் ஆண்டு ரிட்டர்னையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் செய்யாவிட்டால், அதன் டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டராக முடியாது. அந்த வருஷம் இப்படித் தகுதி இழந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்! "ஐயையோ, எனக்கு யாருமே சொல்லலையே" என்று அலறியவர்கள் அதில் ஏராளம்.

அவர்கள் அலறலில் ஒரு நியாயமும் இருந்தது. 1956-ம் வருஷத்துச் சட்டத்தில் இந்தத் தண்டனை பப்ளிக் கம்பெனிகளுக்கு மட்டும்தான். 2013-ல் வந்த புதுச் சட்டம் அதை பிரைவேட் கம்பெனிகளுக்கும் நீட்டியது. 2014 ஏப்ரல் 1 முதல் அமல். சட்டம் மாறியது கெஜட்டில் வந்தது. கெஜட் படிக்கிற டைரக்டர் எத்தனை பேர்?

பலர் கோர்ட்டுக்கு ஓடினார்கள். புதுச் சட்டம் அமலாவதற்கு முந்தைய வருஷத்தையும் சேர்த்து எண்ணியது தவறு, விளக்கம் கேட்காமல் நீக்கியதும் தவறு என்று 2018 ஆகஸ்ட்டில் சென்னை ஐகோர்ட் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் வக்கீல் ஃபீஸ்?

மாறிக்கிட்டே இருக்குமே!

அந்த ஒரு மாற்றத்தோடு முடிந்ததா? இல்லை. 'சின்ன கம்பெனி' என்றால் வருஷத்துக்கு ரெண்டு போர்டு மீட்டிங் போதும். மற்றவர்களுக்கு நாலு. சரி, எது சின்னது? 2013 சட்டத்தில் மூலதன வரம்பு 50 லட்சம். 2021-ல் 2 கோடி. 2022-ல் 4 கோடி. நேற்று பெரிசாக இருந்த கம்பெனி இன்று காலையில் சின்னது!

2018-ல் டைரக்டர்களுக்கும் கே.ஒய்.சி. வந்தது. கெடுவைத் தவறவிட்டால் டைரக்டர் நம்பர் முடங்கும். மறுபடி உயிர் கொடுக்க 5,000 ரூபாய்.

யார் சொல்லுவாங்க?

சட்டப்படி இதையெல்லாம் டைரக்டர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் கம்பெனி செக்ரட்டரி. ஷேர் மார்க்கெட்டில் உள்ள கம்பெனிகளுக்கு அவர் கட்டாயம். அங்கே சுயேச்சை டைரக்டர்களுக்கு அறிமுக வகுப்பு நடத்த வேண்டும் என்றும் செபி விதி இருக்கிறது. மற்ற கம்பெனிகளில் மூலதனம் 10 கோடியைத் தொட்டால்தான் செக்ரட்டரி கட்டாயம். உங்கள் நண்பரின் கம்பெனி மூலதனம் ஒரு லட்சம். ஆக, சொல்ல ஆள் இல்லை. நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி?

* போர்டு மீட்டிங்குக்கு ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் வர வேண்டும். வரவில்லையா, கேளுங்கள். 'போன மீட்டிங்குக்கு அப்புறம் என்ன சட்டம் மாறியது?' என்பதை ஒரு அஜெண்டாவாகவே போடச் சொல்லுங்கள். ஆடிட்டரை வந்து பேச வையுங்கள்.

* கடைசியாக எந்த வருஷக் கணக்கு தாக்கலானது என்பதைக் கம்பெனி விவகார அமைச்சக வெப்சைட்டில் நீங்களே பார்க்கலாம். நண்பர் சொல்வதை நம்புங்கள். ஆனால் பார்த்துவிட்டு நம்புங்கள்.

* 'ஆபீஸ்ல லீவு கிடைக்கலை' என்று பன்னிரண்டு மாதம் ஒரு மீட்டிங்குக்கும் போகாவிட்டால் பதவி தானாகவே போய்விடும்.

* விலகுவதென்றால் எழுத்தில் ராஜினாமா கொடுங்கள். கம்பெனி பதிவாளருக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீங்களும் தனியாகத் தெரிவிக்கலாம். தெரிவித்துவிடுவது நல்லது.

ராஜினாமா செய்தாலும், பதவியில் இருந்த காலத்தில் நடந்த தவறுகளுக்கு நீங்கள் பொறுப்பாளிதான்.

'தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்' என்பது கல்யாணமான மறுவருஷம் நண்பர்களிடம் அடிக்கிற ஜோக். கம்பெனிப் பதிவாளர் அதற்குச் சிரிக்க மாட்டார்!