மணற்குன்று நாட்டில் கன்றுகள் பிறக்கும் காலம்

மாடு வளர்ப்பு என்றதும் நம் மனக்கண் முன் முதலில் தோன்றுவது பால் செம்பு. விடியற்காலையில் கன்றை அவிழ்த்து விட்டு, மடி சுரந்தபின் அதனைப் பிடித்துக் கட்டி, பால் கறக்கும் காட்சி நம் சிற்றூர்களில் பிறந்தோர் யாவருக்கும் பழகியதே. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் உள்ள நெப்ராஸ்கா மாநிலத்தில், நூற்றுக்கணக்கான பசுக்களை உடைய ஒரு குடும்பம் தன் காலைக் காப்பிக்குரிய பாலைக் கடையில் வாங்குவது இயல்பு என்றால் வாசகர்கள் வியப்புறக்கூடும். அங்குள்ள பசுக்களை மனிதர் கறப்பதில்லை. மடியில் ஊறும் பால் முழுவதும் கன்றுக்கே உரியது. ஆறேழு மாதம் தாயோடு மேயவிட்ட கன்றை இலையுதிர் காலத்தில் விற்பதே அக்குடும்பத்தின் வருவாய். இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகள் அவை. நாள்தோறும் கைக்கு வரும் பால் காசும் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு ஒரு கன்று, அவ்வளவே. ஆகவே வசந்தத்தின் இரண்டு மாதங்களில் எத்தனை கன்றுகள் உயிரோடு எழுந்து நின்றன என்பதே அவ்வீட்டின் ஓராண்டுப் பிழைப்பை முடிவு செய்கின்றது.

அந்நிலத்தைப் பற்றி முதலில் சிறிது கூறவேண்டும். நெப்ராஸ்காவின் வடக்கிலும் மேற்கிலும் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணற்குன்றுகள் அலை அலையாக விரிந்து கிடக்கின்றன. பண்டைக் காலத்தில் காற்றுக் குவித்த மணல் அது; மேலே புல் போர்த்தியிருப்பதால் மட்டுமே அசையாமல் நிற்கின்றது. ஓரிடத்தில் புல்வேர் அறுந்தால் காற்று அங்கே குழி தோண்டத் தொடங்கிவிடும். உழவுக்கு உதவாத மண். ஆயினும் அதனடியில் ஒகல்லாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை உண்டு. காற்றாடி இறைக்கும் நீர் மாடுகளின் தொட்டியை நிரப்புகின்றது. லக்கோட்டா, பானி முதலிய பழங்குடியினர் காட்டெருமைகளை வேட்டையாடிய நிலம் இது. அவர்கள் அகற்றப்பட்ட பின்னரும் வெள்ளையர் இதனுள் புக அஞ்சினர். 1879ஆம் ஆண்டு மார்ச்சுப் பனிப்புயலில் ஒரு பண்ணையின் மாடுகள் இக்குன்றுகளுக்குள் விரட்டப்பட்டுக் காணாமற்போயின. செத்திருக்கும் என்றெண்ணித் தேடிச் சென்றவர்கள் அவை கொழுத்து மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டனர். அதன் பின்னரே பண்ணைகள் உள்ளே வந்தன.

1904இல் கிங்கெய்டு சட்டம் ஒவ்வொரு குடியேறிக்கும் 640 ஏக்கர் வழங்கியது. நமக்கு அது ஒரு ஜமீன் போலத் தோன்றும்! ஆனால் ஒரு பசுவும் கன்றும் மேய்வதற்குப் பத்து ஏக்கருக்கு மேல் வேண்டிய அம்மணலில், 640 ஏக்கர் ஒரு குடும்பத்தைக் காக்கப் போதவில்லை. பலர் விற்றுவிட்டு வெளியேறினர். நின்றவர்கள் அந்நிலங்களை வாங்கிச் சேர்த்தனர். அங்குள்ள செர்ரி வட்டாரம் நம் மதுரை மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதில் வாழ்ந்தோர் ஆறாயிரம் பேர்கூட இல்லை. இரவில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்தால் ஓடிவர அண்டை வீடு இல்லை என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் தவக்காலம் வெயிலோடு வரும். அங்கோ பனிச்சேற்றோடு வரும். நாட்காட்டியில் வசந்தம் பிறந்தாலும் மார்ச்சு இரவுகளில் நீர் உறைந்துவிடும். அப்படியிருக்க, அந்தக் குளிரில் கன்று ஈனச் செய்வானேன் என்று கேட்கலாம். மே மாதத்தில் புதுப்புல் வரும்போது அதனை மேயும் அளவுக்குக் கன்று வளர்ந்திருக்க வேண்டும். இலையுதிர் காலச் சந்தையில் எடை கூடுதலாக நிற்க வேண்டும். இக்கணக்கை வைத்தே முந்திய ஆண்டு காளைகளை மந்தையில் விடும் நாள் குறிக்கப்படுகின்றது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். அண்மைக் காலத்தில் சில குடும்பங்கள் எடை சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை என்று ஈற்றையே மே மாதத்திற்குத் தள்ளிவிட்டன. தீவனச் செலவையும் தூக்கமற்ற இரவுகளையும் எண்ணிப் பார்க்கையில் அவர்கள் செய்ததே அறிவுடைமை என நமக்குத் தோன்றுகிறது. எனினும் மார்ச்சு மாதத்தை விடாதவர் பலர்.

பலமுறை ஈன்ற பசுவைப் பற்றி அதிகக் கவலை இல்லை. அது மந்தையை விட்டு விலகி, மறைவிடம் தேடி, தானே ஈன்று, தானே நக்கி உலர்த்தி, எழுப்பி நிறுத்திவிடும். கவலையெல்லாம் தலைச்சன் ஈற்றுக் கிடாரிகளைப் பற்றியே. அவற்றை வீட்டுக்கு அருகில் உள்ள பட்டியில் அடைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். பத்து மணிக்குத் தந்தை, ஒரு மணிக்குத் தாய், நான்கு மணிக்கு மூத்த மகன் அல்லது மகள் என்று முறை வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. இரண்டு முன்னங்குளம்புகளும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் நல்லது. ஒரு கால் மடங்கியிருந்தாலோ, வால் புறம் முன்னே வந்தாலோ, கையைக் கழுவி உள்ளே விட்டுத் திருத்த வேண்டும். பிறகு கால்களில் சங்கிலி மாட்டி, பசு முக்கும்போது மட்டும் இழுத்து, அது ஓயும்போது தாமும் ஓய்ந்து, மெல்ல வெளிக்கொணர வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது கிலோ எடையுள்ள கன்று! திரைப்படங்களில் நாம் காணும் கௌபாயின் இடுப்பில் துப்பாக்கி தொங்குகின்றது. மெய்யான பண்ணையாளரின் சட்டைப்பையில் இருப்பவை ஒரு டார்ச்சு விளக்கும், பசுவின் எண்ணையும் கன்றின் எண்ணையும் குறிக்கும் சிறிய குறிப்பேடுமே.

பிறந்த பின்னர்தான் உண்மைப் போராட்டம் தொடங்குகின்றது. தாயின் கருவில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் செல்வதில்லை. அஃது முழுவதும் சீம்பாலின் வழியே வரவேண்டும். அந்த ஆற்றலை உறிஞ்சும் திறனோ கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அற்றுப்போகும். நனைந்த உடலோடு பனியில் கிடக்கும் கன்று விறைத்துவிட்டால் எழுந்து மடியைத் தேடாது. மடியைத் தேடாவிடில் சீம்பால் இல்லை. சீம்பால் இல்லையெனில் அன்று பிழைத்தாலும் பத்தாம் நாள் கழிச்சலில் போய்விடும். இதனாலேயே விறைத்த கன்று பிக்கப் வண்டியின் முன்னிருக்கைக் கீழே வெப்பக் காற்றில் கிடத்தப்பட்டு வீட்டுக்கு வருகின்றது. குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அதனுள் கன்றைத் தாங்கிப் பிடித்திருப்பவள் பெரும்பாலும் வீட்டுத்தலைவி. சமையலறைத் தரையில் பழந்துணிமேல் படுத்திருக்கும் கன்றுக்குப் புட்டியில் சீம்பால் ஊட்டுவது பிள்ளைகளின் வேலை. பள்ளிக்குப் புறப்படும்முன் அது எழுந்து நின்றதா என்று பார்த்துவிட்டே அவர்கள் பேருந்து ஏறுவர்.

சில வேளைகளில் தாய் இருக்கக் கன்று இறந்துவிடும். அதே வாரத்தில் இரட்டைக் கன்று ஈன்ற வேறொரு பசு ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடும். அப்போது பண்ணையாளர் இறந்த கன்றின் தோலை உரித்து, ஆதரவற்ற கன்றின் முதுகில் சட்டைபோல் கட்டிவிடுகிறார். பசு மோந்து பார்க்கின்றது. தன் கன்றின் வாடை. சிறிது உதைத்து, சிறிது தயங்கி, பின்னர் பால் குடிக்க விடுகின்றது. சில நாட்கள் கழித்துத் தோலை எடுத்துவிட்டாலும் அது அந்தக் கன்றைத் தன்னுடையதாகவே கொள்ளும். கன்று இறந்த பசுவின் முன் தோலுக்குள் வைக்கோல் திணித்த பொம்மைக் கன்றை நிறுத்திப் பால் கறக்கும் நம் பழைய வழக்கம் வாசகர்களுக்கு நினைவு வரலாம். பசுவின் மூக்கை நம்பியதில் இரு நாட்டாரும் ஒன்றே. நம் வழக்கம் பாலைப் பெறுவதற்கு. அவர்களுடையது ஓர் உயிரைப் பிழைக்க வைப்பதற்கு.

இரவுத் துயரத்தைக் குறைக்க ஒரு எளிய வழியும் உண்டு. கனடாவின் மனிடோபா மாநிலத்துப் பண்ணையாளர் ஒருவர் 1970களில் கண்ட முறை அது: சினைப்பசுக்களுக்குத் தீவனத்தைக் காலையில் இடாமல், பொழுது சாயும் நேரத்தில் இடவேண்டும். பின்னர் அயோவா மாநிலத்தில் 15 பண்ணைகளில் 1,331 பசுக்களுக்கு இவ்வாறு அந்தியில் தீவனம் இட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 85 கன்றுகள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே பிறந்தன. வயிறு நிறைந்த பசு இரவில் அமைதியாகப் படுத்து அசைபோடுவதே காரணம் என்பர். காரணம் எதுவாயினும், கூலி ஆளை வைக்க இயலாத குடும்பத்திற்கு இது பெருங்கொடை.

கழிச்சல் நோய்க்கும் அந்நாட்டார் ஒரு வழி கண்டனர். முன்னே பிறந்த கன்றுகள் கழித்த இடத்தில் பின்னே பிறக்கும் கன்றுகள் படுப்பதாலேயே நோய் பெருகுகின்றது. ஆகவே வாரம் ஒருமுறை, இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் புதிய புல்வெளிக்கு ஓட்டிச் செல்வர். ஈன்றவை கன்றோடு பழைய இடத்திலேயே நிற்கும். இவ்வாறு ஒவ்வொரு வெளியிலும் ஒரே வயதுக் கன்றுகளே இருக்கும். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வகுத்த இம்முறைக்கு ‘மணற்குன்று ஈற்றுமுறை’ என்றே பெயர். விலையுயர்ந்த மருந்து ஏதும் இதில் இல்லை. வேண்டுவன வேலியும் ஒழுங்கும் மட்டுமே.

ஆயினும் மனித ஒழுங்கு எல்லாவற்றையும் தாங்கிவிடுவதில்லை. 2019 மார்ச்சு 13, 14 ஆகிய நாட்களில், ஈற்றுக்காலத்தின் நடுவே, அம்மாநிலத்தைப் பெரும்புயல் தாக்கியது. உறைந்து கிடந்த நிலத்தின்மேல் பெய்த மழை உள்ளே இறங்க வழியின்றி வெள்ளமாயிற்று. மேற்குப் பகுதிகளில் அதுவே பனிப்புயலாக மாறியது. நயோபிரரா ஆற்றில் மிதந்து வந்த பெரும் பனிக்கட்டிப் பாளங்களும் வெள்ளமும் ஸ்பென்சர் அணையை உடைத்தன. பிறந்து சில நாளே ஆன கன்றுகள் வெள்ளத்திலும் சேற்றிலும் குளிரிலும் மடிந்தன. கால்நடை இழப்பு மட்டும் 40 கோடி டாலர் இருக்கும் என அப்போதைய ஆளுநர் மதிப்பிட்டார். இரவெல்லாம் விழித்துக் காத்த கன்றை மறுநாள் வேலியோரத்தில் கண்டெடுத்த குடும்பங்களின் துயரம் அந்தத் தொகையில் அடங்குமோ? பிற மாநிலத்து உழவர்கள் லாரி லாரியாக உலர்புல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினர்.

ஏப்ரல் கடைசியில் காட்சி மாறுகின்றது. விடியலில் குன்றுகளின் மேல் புல்வெளிக் கோழிச் சேவல்கள் கூடி, கழுத்துப் பையை ஊதி, முழவுபோல் ஒலித்து ஆடுகின்றன. குளிர்காலப் பனியும் மான்களும் சாய்த்த முட்கம்பி வேலியைக் குறடும் ஆணியும் கொண்டு கல் கல்லாகச் சரிசெய்வது இப்போதைய வேலை. மைல் கணக்கான வேலி! காற்றாடிகளுக்கு எண்ணெய் இடவேண்டும். தோல் வட்டை தேய்ந்த குழாய்களை மேலே இழுத்து மாற்றவேண்டும்.

மே மாதத்தில் குறியிடும் நாள் வருகின்றது. இதனை வேலை என்பதா, விழா என்பதா? இருபது முப்பது மைல் தொலைவிலிருந்தும் அண்டை வீட்டார் குதிரைகளோடு வந்து சேர்கின்றனர். குதிரைமேல் இருப்பவர் சுருக்குக் கயிற்றால் கன்றின் பின்னங்கால்களைப் பிடித்து நெருப்பருகே இழுத்து வருவார். இளைஞர் இருவர் அதனை அமுக்கிப் பிடிப்பர். ஒருவர் சப்பை நோய்க்குரிய ஊசி போடுவார். ஒருவர் காளைக்கன்றுக்குக் காயடிப்பார். ஒருவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குடும்பக் குறியை இடுவார். ஓரிரு நிமிடத்தில் கன்று எழுந்து தாயிடம் ஓடிவிடும். கன்றுக்கு அது வேதனையே. அதனை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் பல பண்ணைகளின் மாடுகள் கலந்துவிடக்கூடிய வேலியற்ற காலத்தில் தோன்றிய அவ்வழக்கம், களவைத் தடுப்பதற்காக இன்றும் சட்டத்தால் காக்கப்படுகின்றது. நெப்ராஸ்காவில் 1941இல் அமைந்த குறிக்குழு ஒவ்வொரு குறியையும் பதிவு செய்கின்றது. நிலத்தைப் போலவே குறியும் தந்தையிடமிருந்து மக்களுக்கு உரிமையாகச் செல்லும். வந்தவர் எவருக்கும் கூலி கிடையாது. பகலில் நிறைவான விருந்து உண்டு; அவர்கள் வீட்டுக் குறியிடும் நாளில் இவர்கள் போய் உழைக்கவேண்டும், அதுவே கணக்கு.

அக்குறியை அடுத்து ஏந்தப்போவது யார் என்பதே இன்று பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத கேள்வி. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அமெரிக்க உழவரின் சராசரி வயது 58க்கும் மேல். 1975இல் 13 கோடியைத் தாண்டியிருந்த அந்நாட்டு மாடுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 8 கோடியே 72 லட்சமாக, 1951க்குப் பின் கண்டிராத அளவுக்குக் குறைந்தது. வறட்சியில் பசுக்களை விற்றவர்களுள் பலர் மீண்டும் வாங்கவில்லை. கன்றின் விலை ஏறியது உண்மை. நிலத்தின் விலையோ அதனினும் கடினமான சுவர். நான்கு மக்களுள் ஒருவர் பண்ணையில் நின்றால், நகரத்தில் வாழும் மற்ற மூவரின் பங்கை அவர் கன்று விற்ற பணத்தில் கொடுத்துத் தீர்க்க ஒரு வாழ்நாள் போதாது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து பேசி எழுதிவைக்கும் குடும்பங்கள் பிழைக்கின்றன. கூச்சத்தால் தள்ளிப்போட்டவர்களின் நிலம் பெரும்பண்ணைகளுக்கும் வெளியூர்ச் செல்வர்களுக்கும் போகின்றது. பத்து வயதிலேயே பிள்ளைக்கு ஒரு கிடாரியைச் சொந்தமாகக் கொடுத்து, அதன் கன்று விற்ற பணத்தை அப்பிள்ளையின் பெயரிலேயே போட்டுவைக்கும் பெற்றோரும் உள்ளனர். நான்கு மணிக் குளிரில் எழுந்து தன் கிடாரியைப் பார்க்கச் செல்லும் சிறுமிக்கு யாரும் கட்டளையிடத் தேவையில்லை.

மே நடுவில் புல் தலைதூக்கியதும் உலர்புல் இடுவது நின்றுபோகும். வாயில் திறக்கப்பட, பசுக்கள் கன்றுகளை அழைத்தவாறு கோடை மேய்ச்சலுக்குக் குன்றேறுகின்றன. கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட கன்றுகள் பின்னோக்கி ஓடிவரும் என்பதால், எல்லாம் இணை சேரும்வரை குடும்பத்தார் குதிரைமேல் காத்திருப்பர். குறிப்பேட்டில் கன்றில்லை என்று குறிக்கப்பட்ட பசுக்கள் மட்டும் பட்டியில் நிற்கின்றன. அவற்றுள் பல அடுத்த சந்தைக்குப் போய்விடும். ஜூன் தொடக்கத்தில் காளைகள் விடப்படுகின்றன. அன்று மாலையே யாரேனும் ஒருவர் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் 283 நாட்களை எண்ணிப் பார்ப்பார்.