சளியால் ஏற்படும் மூக்கடைப்பு: வீட்டில் செய்யத்தக்கவையும் தவிர்க்க வேண்டியவையும்

சளி பிடித்தவர்களுக்குப் பெருந்தொல்லை தருவது மூக்கடைப்பு ஆகும். மூக்கினுள் சளி சேர்வது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. வைரஸ் தொற்றினால் மூக்கின் உட்புறச் சவ்விலுள்ள இரத்த நாளங்கள் விரிவடைந்து, சவ்வு வீங்கி, காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு முழுமையாக நீங்குவதில்லை.

சாதாரண சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே குணமாகும். வீட்டு முறைகள் சளியைக் குணப்படுத்துவதில்லை. மூச்சு விடவும் உறங்கவும் துணைசெய்கின்றன. எனவே, சளியைவிட அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய எந்த முறையையும் கையாள வேண்டாம்.

பாதுகாப்பான முறைகள்

• உப்புநீர்: கொதிக்கவைத்து ஆறிய ஒரு குவளை (சுமார் 240 மி.லி.) நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூக்கில் சில சொட்டுகள் விடலாம். நாள்தோறும் புதிதாகத் தயாரிக்கவும். கொதிக்கவைக்காத குழாய் நீரையோ கிணற்று நீரையோ மூக்கினுள் செலுத்தக் கூடாது. அதிலுள்ள நுண்ணுயிரிகள் கடுமையான தொற்றை உண்டாக்கலாம்.
• வெந்நீர், கஞ்சி, ரசம் போன்ற இளஞ்சூடான நீராகாரங்களை அடிக்கடி அருந்தவும்.
• பெரியவர்கள் கூடுதலாக ஒரு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கலாம்.
• ஒரு நாசியை மூடிக்கொண்டு மற்றொன்றை மெதுவாகச் சிந்தவும்.

ஆவி பிடித்தல்

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சிறிது நேரம் இதம் தரலாம். ஆனால், கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்வதால் கடுமையான தீக்காயங்கள் ஏற்படுகின்றன. குழந்தைகளுக்கு இம்முறை வேண்டாம். பெரியவர்கள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசைமீது வைத்து, முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளவும். அந்நேரத்தில் குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

கைக்குழந்தைகளைக் கவனிப்போருக்கு

கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே சுவாசிக்கின்றனர். மூக்கு அடைத்தால் அவர்கள் பால் குடிப்பது கடினமாகும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டுகள் விட்டு, வெளிவரும் சளியை மென்மையான துணியால் துடைக்கவும்.

பின்வருவனவற்றைச் செய்யாதீர்கள்:

• மூக்கில் எண்ணெய் விடுதல்: எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம்.
• கற்பூரம் கலந்த எண்ணெயைத் தடவுதல்: கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். சிறிதளவு கற்பூரத்தை விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.
• இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தைலம் பூசுதல்.
• சாம்பிராணிப் புகை காட்டுதல்: புகை மூச்சுக்குழாயை மேலும் உறுத்தும்.

மருந்துகள் குறித்து

மூக்கடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளை 3 முதல் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அவற்றை நிறுத்தும்போது அடைப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதாலேயே ஆன்டிபயாடிக் தேவை என்று பொருளாகாது. அம்மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால்
• குழந்தை பால் குடிக்க மறுத்தால்
• பத்து நாட்களுக்குப் பின்னும் குறையாவிடில், அல்லது குறைந்து மீண்டும் கடுமையானால்
• குழந்தையின் ஒரு நாசியிலிருந்து மட்டும் துர்நாற்றத்துடன் நீர் வடிந்தால். மணி, விதை போன்ற பொருள் உள்ளே சிக்கியிருக்கலாம்

மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் காலம் தாழ்த்தாமல் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.