கோல்ஃப் வீச்சுக் குறைகளும் வீச்சுக் குறிப்பும்

வீச்சுக் குறிப்பு என்பது, கோல்ஃப் ஆட்டக்காரர் பந்தை அடிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு சொல் அல்லது படிமம் ஆகும். நெடுநாள் பழகிப்போன குறைகளைத் திருத்த இது பயன்படுகிறது.

தேவை

உயர்த்திய மட்டை கீழிறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழக் கால் நொடியே ஆகிறது. முழங்கையை ஒட்டு, தோளைத் திருப்பு, தலையை அசைக்காதே என்று அடுக்கடுக்கான கட்டளைகளை நிறைவேற்ற அந்த நேரம் போதாது. கட்டளைகள் கூடக்கூட உடல் இறுகி, பழைய குறையே திரும்பி வருகிறது.

எர்னஸ்ட் ஜோன்சின் முறை

இங்கிலாந்தைச் சேர்ந்த கோல்ஃப் ஆசிரியர் எர்னஸ்ட் ஜோன்ஸ், முதல் உலகப் போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தார். அதன் பின்னரும் அவரால் நன்றாக ஆட முடிந்தது. உடலுறுப்புகளின் அசைவைவிட மட்டைத்தலையை வீசுவதே முதன்மையானது என்பதை அவர் தம் பாடமாகக் கொண்டார். பின்னர் அமெரிக்காவில் கற்பித்தபோது, கைக்குட்டையின் மூலையில் பேனாக்கத்தியைக் கட்டி வீசிக் காட்டினார். சீராக வீசினால் துணி விறைப்பாக நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் தொய்ந்துவிடும். நம் ஊர்க் கவண் சுழற்றியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

1999-இல் கேப்ரியல் வுல்ஃப் முதலிய ஆய்வாளர்கள், புதிதாகக் கோல்ஃப் கற்போரை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தனர். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தனர்.

குறைகளும் குறிப்புகளும் (வலக்கை ஆட்டக்காரருக்கு)

- பந்து வலப்புறம் வளைதல் (ஸ்லைஸ்): மட்டை செல்லும் பாதையைவிட அதன் முகம் வலப்புறம் திறந்திருப்பதே காரணம். பலருக்கு மட்டை வெளியிலிருந்து உள்நோக்கியும் வருகிறது. முதலில் கைப்பிடியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு, "இலக்குக்குச் சற்று வலப்பக்கம் வீசு."
- பந்தின் உச்சியில் படுதல்: பந்தைத் தூக்கிவிட முயல்வதால் பெரும்பாலும் நேர்கிறது. தூக்கும் வேலையை மட்டை முகத்தின் சாய்வே செய்துவிடும். அயர்ன் வகை மட்டைக்குரிய குறிப்பு: "பந்துக்கு அப்பால் உள்ள புல்லைச் சீவு."
- அவசரம்: தேர்ந்தவர்களின் மேல்வீச்சு, கீழ்வீச்சைப்போல் சுமார் மூன்று மடங்கு நேரம் எடுக்கும். குறிப்பு: "மே...லே, விடு."

பயிற்சி

ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டுமே போதும். முதலில் பந்தில்லாமலும், அடுத்து அரைவீச்சிலும், பின்னர் முழுவீச்சிலும் பழக வேண்டும். மாணவரின் கையெழுத்தைத் திருத்தும் ஆசிரியர், எல்லா எழுத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதில்லை; இதுவும் அப்படித்தான்.

இந்தியாவில் 1829-இலேயே கொல்கத்தாவில் கோல்ஃப் மன்றம் தோன்றியது. கொடைக்கானல் மன்றம் 1895-இல் தொடங்கியது. எனினும் ஆடுகளம் பலருக்கு இன்னும் எட்டாத தொலைவில்தான் உள்ளது. ஆனால் ஜோன்சின் பயிற்சிக்கு ஆடுகளம் வேண்டியதில்லை. திருச்சி கே.கே. நகர் போன்ற குடியிருப்பில் மொட்டைமாடியே போதும். கத்திக்கும் கல்லுக்கும் பதிலாகத் துண்டின் நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு வீசலாம்.

வரம்புகள்

தவறான கைப்பிடி, நிற்கும் நிலை, உயரத்துக்குப் பொருந்தாத மட்டை ஆகியவற்றை எந்தக் குறிப்பும் சரிசெய்யாது. முதுகுவலி இருந்தால் வீச்சை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். ஒருவருக்குப் பலித்த குறிப்பு மற்றவருக்குப் பலிக்காமல் போகலாம். பல நாள் பழகியும் பயன் தராத குறிப்பைக் கைவிட்டு வேறொன்றைத் தேர்வதே நல்லது. அதன்மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது.