கப்பலேறும் குளத்து நீர்

வன்னியில் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் குளத்தை முன்வைத்தே பெயர் வைத்தனர். வவுனியா நகருக்கு அணித்தே உள்ள நெளுக்குளம் அவற்றுள் ஒன்று. இறம்பைக்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், செட்டிகுளம் என்று அப்பெயர் வரிசை நீண்டு செல்லும். ஆண்டு முழுவதும் வற்றாது ஓடும் ஆறு இல்லாத நாட்டில் குளமே உயிர். இக்குளங்களின் நீரை நம்பி விளையும் பொருள்கள் கடல் கடந்து, நீரற்ற நாட்டாரின் அடுக்களைக்குச் சென்று சேருமாயின் அதனால் நமக்கு வருவது எது, போவது எது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

நீரற்ற நாடு என்றதும் அரபு நாட்டுப் பாலைவனமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். ஆனால் நமக்கு மிக அண்மையிலுள்ள நீர் வறுமை நாடு மாலைதீவேயாகும். கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். சுமார் 1,200 பவளத் தீவுகள் கொண்ட அந்நாட்டில் ஓர் ஆறேனும் இல்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. வவுனியாவில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீற்றர் அளவே. மாலைதீவின் தலைநகரான மாலேயிலோ 2,000 மில்லிமீற்றரை நெருங்கும் மழை பெய்கிறது. மழை மிகுந்த நாடு நீருக்கு ஏங்குகிறது. மழை குறைந்த நாடு நெல் விளைக்கிறது! காரணம் யாதெனில், பவள மணலில் விழும் மழைநீர் நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகவே தங்குகிறது. அதனைத் தேக்கிவைக்க அங்கே இடமில்லை. நம் முன்னோரோ தாழ்ந்த நிலத்தின் குறுக்கே கட்டெழுப்பி, துருசு அமைத்து, மிகுந்த நீர் வான் பாய வழியும் விட்டு, மாரி மழையைக் கோடைக்குச் சேமித்து வைத்தனர். மாலைதீவுக்கும் வன்னிக்கும் உள்ள வேறுபாடு வானத்தில் இல்லை, குளக்கட்டிலேதான் இருக்கிறது.

2014ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி மாலேயில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் தீப்பற்றியது. தலைநகர மக்கள் குடிநீருக்கே அல்லற்பட்டனர். இந்தியாவும் இலங்கையும் பிற நாடுகளும் நீர் அனுப்பி உதவின. இத்தகைய நாடு தனக்கு வேண்டிய உணவில் மிகப் பெரும் பகுதியை வெளியிலிருந்து வாங்குவதில் வியப்பில்லை. முற்காலத்தில் அந்நாட்டார் மாசிக் கருவாட்டை மரக்கலங்களில் ஏற்றி இலங்கைத் துறைகளுக்குக் கொணர்ந்து, வேண்டிய பண்டங்களை வாங்கிச் சென்றனர். இன்று இங்கிருந்து காய்கறியும் பழமும் அங்கே செல்கின்றன. 2024ஆம் ஆண்டில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் அங்கு சென்றனர் என்றால், அச்சந்தையின் பசி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மறைநீர்க் கணக்கு

விளைபொருளை அனுப்பும்போது அதை விளைவித்த நீரையும் சேர்த்தே அனுப்புகிறோம். இலண்டன் பேராசிரியர் ஜோன் அன்ரனி அலன் என்பார் 1990களில் இக்கருத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். அதற்காக 2008ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார். இதனைத் தமிழில் மறைநீர் என்பர். ஒரு கிலோக்கிராம் அரிசிக்கு ஏறக்குறைய 2,500 லீற்றர், வாழைப்பழத்துக்கு 790 லீற்றர், பப்பாசிக்கு 460 லீற்றர் என்பது உலகச் சராசரி. எனவே ஒரு தொன் பப்பாசியுடன் நான்கரை இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரும் கண்ணுக்குத் தெரியாமல் கடல் கடக்கிறது.

இக்கணக்கை மறந்த நாடு என்னவாகும் என்பதற்குச் சவூதி அரேபியாவே சான்று. நிலத்தடியில் ஊழிக்காலமாகத் தங்கியிருந்த நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டு, 1990களின் தொடக்கத்தில் அதனை ஏற்றுமதியும் செய்தது அந்நாடு. நீர்மட்டம் தாழத் தொடங்கிற்று. 2008ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடத் தீர்மானித்து, 2016ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவையே நிறுத்தியது. பின்னர் ஓரளவுக்கு மட்டுமே இடமளித்தது. வவுனியாவின் நிலமோ கடும்பாறை நிலம். பாறை வெடிப்புகளில் தங்கும் சிறிதளவு நீரையே நம் கிணறுகள் தருகின்றன. இரவு பகலாக இயந்திரமிட்டு இறைத்தால் அடுத்த வீட்டுக் குடிநீர்க் கிணறும் வற்றிவிடும் அல்லவா?

அதற்காக ஏற்றுமதியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. எந்த நீரைக் கொண்டு எதை விளைவிக்கிறோம் என்று பார்த்தல் வேண்டும். எள்ளுக்குக் கிலோ ஒன்றுக்கு 9,000 லீற்றருக்கு மேல் வேண்டும் என்பர். கேட்டால் திகைப்பாக இருக்கும். ஆயினும் வன்னியில் எள்ளும் உளுந்தும் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகின்றன. குளத்து நீரில் அவை கைவைப்பதில்லை. நிறையும் குறைவு, பழம்போல் விரைவில் கெடுவதுமில்லை. ஆகவே தொலைநாட்டுக்கு அனுப்ப இவை மிகப் பொருத்தமானவை. பழவகைகளுக்கோ சொட்டுநீர்ப் பாசனம் துணை செய்யும்.

இன்னொரு வழியும் உண்டு. இலங்கையில் விளையும் காய்கறி, பழங்களில் மூன்றிலொரு பங்களவு அறுவடைக்குப் பின் வீணாகிறது என மதிப்பிடுகின்றனர். சாக்கில் திணித்து, லொறியில் அடுக்கி, வெயிலில் கொண்டு செல்வதே இதற்குப் பெருங் காரணம். நசுங்கி எறியப்படும் ஒவ்வொரு பழமும் எறியப்பட்ட நீரே. முறையாகத் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்கினால், ஒரு துளி நீர்கூடக் கூடுதலாகச் செலவிடாமல் ஏற்றுமதிக்குப் பொருள் கிடைக்கும்.

அறிவும் ஏற்றுமதிப் பொருளே

மாணவ நேயர்கள் கருத்தில் கொள்ளத்தக்க மற்றொன்று சேவை ஏற்றுமதி. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலுள்ள ஹட்செரிம் என்னும் கூட்டுப் பண்ணையில் 1965ஆம் ஆண்டில் தோன்றிய நெட்டாஃபிம் நிறுவனம், சொட்டுநீர்க் கருவிகளையும் அவற்றைப் பயன்படுத்தும் அறிவையும் உலகெங்கும் விற்கிறது. நீர் வறுமையே அவர்களுக்குக் கல்வியாயிற்று. நமக்கும் அத்தகைய கல்வியுண்டு. ஒரு குளத்தின் கழிநீர் அடுத்த குளத்துக்குச் செல்லும் தொடர்குள முறையை உலக உணவு விவசாய நிறுவனமே விவசாய மரபுச் செல்வமாக ஏற்றுள்ளது. குளத்திலுள்ள நீரைப் பார்த்து, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது எனக் கமக்காரர் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும், பம்பைமடுவில் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் அண்மையிலேயே இருக்கின்றன. பாட்டனார் அறிந்த நீர்க்கணக்கும் பேரப்பிள்ளைகள் கற்கும் விஞ்ஞானமும் ஒன்றுசேருமாயின், நீரை அனுப்பாமலே பொருள் ஈட்டலாம்.

விலை நன்றாயிருக்கிறது என்று குளத்தின் உட்புறத்தை மூடித் தோட்டமாக்குவோர், தம் பிள்ளைகளின் முதலையே விற்பவராவர். முதலில் குளம் தூர்வாரப்படட்டும், கட்டு பலப்படட்டும், ஊரார் குடிக்கவும் உண்ணவும் வேண்டிய நீர் ஒதுக்கப்படட்டும். அதன்பின் எஞ்சுவதைக் கணக்கறிந்து கப்பலேற்றுவோம். மழை பெய்தும் தேக்க இடமின்றித் தவிக்கும் நாட்டுக்கு உணவு அளிக்கும் பேறு நமக்கு வாய்த்திருப்பது, குளம் கட்டியவர்களால். அப்பேறு நிலைத்திருப்பது, குளம் காப்பவர்களால்.