தரகரின்றி வீடு விற்றல்

1698ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் சுதாநுதி, கோவிந்தபூர், களிகாதா என்னும் மூன்று சிற்றூர்களின் ஜமீன்தாரி உரிமை ஒரு பத்திரத்தின் வாயிலாகக் கைமாறியது. சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் அவ்வுரிமையை 1,300 ரூபாய்க்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தனர். அச்சிற்றூர்கள் இருந்த இடமே பின்னர்க் கொல்கத்தா மாநகரமாய் விரிந்தது.

இன்று அம்மாநகரில் ஒரு சிறு வீடு கைமாறுவதற்கும் பத்திரமே அடிப்படை ஆகும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விற்க இயலும். தமிழர்க்கு இவ்வழக்கம் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் குறிக்கும் விற்பனை ஆவணங்கள் பல உள்ளன.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி சாலைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பணி ஓய்வுக்குப் பின் தமிழகம் திரும்ப விரும்பும் குடும்பம் ஒன்று தன் வீட்டை விற்க எண்ணுகிறது எனக் கொள்க. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அவ்வீட்டிலேயே அடங்கியிருத்தல் கூடும். ஆகவே அவ்விற்பனையில் பிழை நேர்தல் ஆகாது.

வீடு விற்பதற்குப் பலரும் தரகரை நாடுவர். வங்காளிகள் அவரைத் ‘தாலால்’ என அழைப்பர். விலையில் ஒரு பங்கை அவர் தரகாகப் பெறுவார். நூற்றுக்கு ஒரு ரூபாய் தரகு என்றால், 50 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 50,000 ரூபாய் ஆகும். அத்தொகைக்கு ஈடாக அவர் மூன்று பணிகளைச் செய்கிறார்: வாங்குவோரைத் தேடுகிறார்; உரிய விலையைக் கணிக்கிறார்; அறிமுகமற்ற இருவரிடையே நம்பிக்கையை உண்டாக்குகிறார். தரகர் இல்லையெனில் தரகு மிஞ்சும். ஆனால் அம்மூன்று பணிகளும் வீட்டுக்காரரையே சேரும்.

முதலாவது, விலை. வீட்டின்மேல் கொண்ட பற்று விலை ஆகாது. அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை, கட்டடத்தின் வயது, அரசு கணிக்கும் சந்தை மதிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே விலையை முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, வாங்குவோரைத் தேடுதல். அதற்கு முன்பே மூலப்பத்திரம், மாநகராட்சிச் சொத்து வரி ரசீதுகள், வங்கிக் கடன் தீர்ந்தமைக்கான சான்று ஆகியவற்றை எடுத்து வைத்தல் நலம். பின்னர் அண்டை அயலார், தமிழ்ச் சங்க நண்பர்கள், நாளிதழ் விளம்பரம் ஆகியவற்றின் வாயிலாகச் செய்தியைப் பரப்பலாம்.

மூன்றாவது நம்பிக்கை. இதுவே அரியது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீட்டுக்குக் கோடையில் வெள்ளையடித்தால் கறை மறைந்துவிடும். பார்க்க வருவோர் அதனை அறியார். ஆனால் விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவரே வெளிப்படுத்துதல் வேண்டும் என்று மேற்கூறிய சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. தானே விற்பவர், “தரகர் சொல்லவில்லை” எனப் பழியைப் பிறர்மேல் சுமத்தவும் இயலாது. குறையை உரைப்பதால் விலை சற்றுக் குறையலாம். பின்னாளில் வழக்கு எழாது.

விலை படிந்தபின் ஒப்பந்தம் எழுதி முன்பணம் பெறுவர். வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது; ஆதலால் பணம் வங்கி வழியே வருதல் வேண்டும். பத்திரத்தை வழக்கறிஞரைக் கொண்டு எழுதுவித்தல் பாதுகாப்பானது. தரகரை விலக்கலாம், வழக்கறிஞரை விலக்குதல் அறிவுடைமை ஆகாது.

முத்திரைக் கட்டணம் செலுத்தியபின் இருவரும் பதிவு அலுவலகம் செல்வர். அங்கு அவர்களின் ஒளிப்படமும் விரல் ரேகையும் பத்திரத்தில் இடம்பெறும். வங்காளத்தில் இப்பத்திரத்தைத் ‘தலில்’ என்பர். பதிவு முடிந்ததும் வாங்கியவர் கொல்கத்தா மாநகராட்சிப் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வார்.

‘தாலால்’ இன்றி வீட்டை விற்கலாம். ‘தலில்’ இன்றி விற்க இயலாது. அப்பத்திரத்தில் எழுதப்படுவதும் வீட்டைப் பற்றி விற்பவர் வாய்மொழியாகக் கூறியதும் ஒன்றாக இருப்பின், இடையில் நின்று உறுதி கூற வேறொருவர் தேவைப்படார்.